சத்தம் போடாமல் சாகவும்!

"ஆ... ஆஆ... ஆஆஆஆ!"

அலறல்!

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள அந்தச் சின்னப் பூங்காவில் அப்போது சிரிப்பு கிளப் உச்சத்தில் இருந்தது. ஆண்களும் பெண்களுமாய் வட்டம் கட்டி நின்று, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கவிட்டு, விரல்களை நகம் போல விரித்து, "ஹா... ஹா... ஹாஹாஹா!" என்று உறுமிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கச் சிரிப்பு!

அதற்குள் விழுந்த அலறல், வடை மாவில் விழுந்த உப்பு. கரைந்துபோனது.

கேட் பக்கத்து பெஞ்சில், செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் புதைத்து, கண்ணை மூடிக் கிடந்தாள் அமலா. அவளும் திரும்பவில்லை.

அவள் திரும்பியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அமலா, ஆரணி டவுன் போலீஸ் இன்ஸ்பெக்டர்!

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. குடியிருக்கும் மாடி வீட்டுக்குக் கீழே பட்டு நூல் முறுக்கும் மிஷின். இரவெல்லாம் மண்டைக்குள்ளேயே நூல் முறுக்கும். ஸ்டேஷனுக்கு வந்தால் வாசலில் பஸ் ஹாரன். உள்ளே புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து. இந்த ஊரில் சத்தம் இல்லாத இடம் என்று பார்த்தால் இரண்டுதான்... சுடுகாடு, இந்தப் பூங்கா. சுடுகாட்டிலும் மேளம் அடிக்கிறார்கள். எனவே யூனிஃபார்ம் மாட்டும் முன் கொஞ்ச நேரம் இங்கே வந்து ஒன்றுமே செய்யாமல் உட்காருவாள். அந்தச் சிரிப்பு கிளப் ஒன்றுதான் இம்சை. அதற்கும் காது பழகிவிட்டது.

"அம்மா! ஐயோ அம்மா! எழுந்திரிங்கம்மா!"

கண்ணைத் திறந்தாள். பூங்கா வாட்ச்மேன் வேடியப்பன். முகம் வெளுத்து, பல்லோடு பல் அடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாய்யா?"

"அந்தாண்ட... தூங்குமூஞ்சி மரத்தாண்ட... ஒருத்தரு தூங்கிகினு கீறாரும்மா..."

"தூங்கினா தூங்கட்டுமே. அதுக்குத்தானே பார்க்கு?"

"தலை மேல கிளை கீதும்மா!"

அமலா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பூங்காவின் கடைக்கோடி. பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரம். அடியில் சிமெண்ட் பெஞ்ச். பெஞ்சில் வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டை. இடுப்பளவு பருமனில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தை அமலா ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

கையில் இருந்த மோதிரத்தை வைத்தே அடையாளம் தெரிந்தது.

கமலக்கண்ணன்!

ஊரறிந்த கான்ட்ராக்டர். இந்தப் பூங்காவை இடித்துவிட்டு இங்கே ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறவர். வருகிற திங்கட்கிழமை ஜேசிபி வருவதாக இருந்தது.

இப்போது அவருக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

---

சிரிப்பு நின்று, கூட்டம் கூடியது.

"பார்த்தீங்களா மேடம்! மரமே பழி வாங்கிடுச்சி!" என்று முதலில் வாயைத் திறந்தவர் நெடுஞ்செழியன். சிரிப்பு கிளப்பின் மாஸ்டர். பூங்காப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவரும் அவரே. ஐம்பத்தைந்து வயதிலும் முறுக்கேறிய உடம்பு, டிராக் சூட், கழுத்தில் விசில். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார்.

"திங்கக்கிழமை இந்த மரத்தை வெட்டறேன்னான். வெள்ளிக்கிழமையே மரம் அவனை வெட்டிடுச்சி. நாங்க கமிட்டி வெச்சிப் போராடினோம், மனு குடுத்தோம்... கேக்கலியே மேடம் அவன்! பாவி!"

கூட்டம் கைதட்டியது. பிணத்துக்கு முன்னால் கைதட்டிய கூட்டத்தை அமலா இப்போதுதான் பார்க்கிறாள்.

"அல்லாரும் தள்ளிப் போங்க! ஜல்தி!" என்று விரட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார் ஏட்டு பன்னீர்செல்வம். வந்ததும் பெஞ்சைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு அமலாவின் செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"மேடம்... நீங்க எப்ப வந்தீங்க?"

"முன்னாடியே."

"எவ்ளோ முன்னாடி?"

அமலா ஒரு காலில் ஒட்டியிருந்த புல்லை மறு காலால் தேய்த்து உதிர்த்தாள். ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை மீசைக்குள் மறைத்தார்.

"சரி மேடம். கிளை முறிஞ்சி வுழுந்து விபத்துன்னு எழுதிடலாமா? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"இருங்க ஏட்டய்யா."

அமலா குனிந்தாள். இறந்தவரின் ஒரு பக்கக் காது மட்டும் சேதமில்லாமல் இருந்தது. அதற்குள் வெள்ளையாய் என்னவோ...

பஞ்சு!

"செத்தப்புறம் வெக்கற பஞ்சை, சாகறதுக்கு முன்னாடியே யாரு ஏட்டய்யா காதுல வெச்சது?"

"அட... ஆமா! இடம் அளக்க வந்த ஆளு இன்னாத்துக்குக் காதுல பஞ்சு வெக்கணும்?"

"இந்த ஆளு அளக்க வரல. தூங்க வந்திருக்காரு."

கிளையின் முறிந்த முனையைப் பார்த்தாள். கீழ்ப் பாதி சிலும்பு சிலும்பாய்க் கிழிந்திருந்தது. மேல் பாதி...

வழவழவென்று, கத்தியால் அறுத்த வெண்ணெய் போல!

"ரம்பம்!" என்றார் ஏட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு.

"மேலேருந்து பாதி அறுத்து, வெட்டின இடம் தெரியாம சேறு பூசியிருக்காங்க. அப்புறம் கயிறு போட்டு இழுத்திருக்காங்க. பட்டையில கயிறு தேய்ச்ச தடம் கீது, பாருங்க."

கயிறும் கிடைத்தது. பத்தடி தள்ளி, செம்பருத்திப் புதருக்குள். சேலைக் கட்டு கட்டும் நீல நைலான் கயிறு.

"வெளங்கிடும்," என்றார் ஏட்டு. "இந்தக் கயிறு இல்லாத வீடு ஆரணியில ஒண்ணு காட்டுங்க மேடம், நான் ராஜினாமா பண்றேன்."

அமலாவின் செல்போன் அலறியது. டி.எஸ்.பி!

"என்னம்மா, பூங்காவுல கொலையாமே?"

"ஆமா சார்."

"கொலை நடந்தப்ப யாராவது போலீஸ் பக்கத்துல இருந்தாங்களா?"

அமலா செல்போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஒருத்தர் இருந்தாங்க சார்."

"யாரு அந்தத் தண்டம்?"

"...நான்தான் சார்."

எதிர்முனையில் நீண்ட மௌனம். ஆரணியில் இப்படி ஒரு மௌனம் கிடைப்பது அபூர்வம். ஆனால் அமலாவால் அதை ரசிக்க முடியவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள ஆளைப் புடி. இல்லன்னா உன்னைப் பூங்காவே இல்லாத ஊருக்கு மாத்திடுவேன்!"

---

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா!" என்றான் வேடியப்பன், கேள்வி கேட்கும் முன்பே.

"கமலக்கண்ணன் எப்பருந்து இங்க வரார்?"

"அது... யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரும்மா."

"சத்தியம் வாங்கினவரு செத்துட்டாரு. சொல்லு."

வேடியப்பன் தலையைச் சொறிந்தான். "ஒரு மாசமா டெய்லி வராரும்மா. மொத நாளு டேப்பு எடுத்துகினு அளக்க வந்தாரு. அளந்துகினு இருக்கசொல்லவே அந்த பெஞ்சுல சும்மா குந்தினாரு. குந்தினவரு அப்டியே சாஞ்சிட்டாரு. கொறட்டைன்னா கொறட்டை! மத்தியானம் நான்தான் எழுப்பினேன். எழுந்து என்னைப் பார்த்து அழறாரும்மா."

"அழறாரா?"

"'வேடியப்பா, நான் இப்டித் தூங்கி ரொம்ப வருஷம் ஆச்சிடா'ன்னு அழறாரு. அதுலேருந்து விடியசொல்ல வந்துடுவாரு. காதுல பஞ்சு வெச்சிகினு படுத்துடுவாரு. 'பார்க்கை இடிக்கறவனே பார்க்குல வந்து தூங்கறான்னு தெரிஞ்சா மானம் பூடும், வெளிய சொல்லாத'ன்னாரு."

அமலாவுக்கு என்னவோ போல் இருந்தது. தினமும் இந்த மூலையில் அவள். அந்த மூலையில் அந்த ஆள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலேயே, ஒரே காரியத்துக்காக.

"நேத்து சாயங்காலம் மரத்தாண்ட யாராவது ஏணி வெச்சி ஏறினாங்களா?"

"நேத்தா? நேத்து நான் டீ குடிக்கப் பூட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சி..."

"பூங்காவை அம்போன்னு வுட்டுட்டா போன?"

"அய்யோ, இல்லம்மா! 'நான் பார்த்துக்கறேன், நீ போய் நல்லா டீ குடிச்சிட்டு வா'ன்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு. அவரு இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?"

"யாரு அந்தப் பெரிய மனுஷர்?"

வேடியப்பன் சொன்னான்.

ஏட்டு பன்னீர்செல்வத்தின் வாய் திறந்தது. மூட மறந்தது.

---

கமலக்கண்ணனின் வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர் மனைவி சங்கீதாவைத் தனியே அறைக்குள் அழைத்துப் போனாள் அமலா.

"தப்பா நெனச்சிக்காதீங்க. அவருக்கு எதிரிங்க யாராவது?"

"ஊரே எதிரிதானேங்க மேடம்." சங்கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பார்க்கை இடிக்கறான், இடிக்கறான்னு கடைக்குப் போனாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. ஆனா அவரு இடிக்கப் போறதில்லீங்க."

"என்னது?"

"அந்த வேலையே வேணாம்னு விட்டுட்டாருங்க. வீட்ல ராத்திரி முழுக்க போனு. படுத்தா தூக்கம் வராது. மாத்திரை போட்டாலும் வராது. எங்க மேலயே எரிஞ்சி விழுவாரு. இந்த ஒரு மாசமாத்தான் மனுஷனா இருந்தாரு. புதன்கெழமை சாப்பிடசொல்ல சொல்றாரு... 'சங்கீதா, எனக்குத் தூக்கம் குடுத்த எடம். அதுல கடை கட்டினா அப்புறம் நான் எங்க போய்ப் படுக்கறது?'ன்னு. சிரிச்சாருங்க. அவரு சிரிச்சிப் பார்த்தே ரொம்ப நாளாச்சி..."

குரல் உடைந்தது. அமலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்துக் கேட்டாள்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தருக்குத் தெரியுங்க. 'இதைக் கேட்டா மொதல்ல சந்தோஷப்படப்போறது அவருதான்'னு சொல்லிட்டு, வியாழக்கெழமை காலையில அவரு கடைக்கே நேராப் போய்ச் சொல்லிட்டு வந்தாரு."

"யாரு கடைக்கு?"

"பார்க்கு கமிட்டித் தலைவருங்க. நெடுஞ்செழியன் சார்!"

வேடியப்பன் சொன்ன அதே பெயர்.

ஜீப்பில் ஏறியதும் ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணும் வெளங்கல மேடம். பார்க்கை இடிக்க மாட்டேன்னு சொன்ன ஆளைப் பார்க்கைக் காப்பாத்தற ஆளு ஏன் சாவடிக்கணும்? அதுவுமில்லாம அவரு கிளப்புல சிரிச்சிகினு இல்ல இருந்தாரு? அத்தினி பேரு சாட்சி!"

"அத்தினி பேரும் கண்ணை மூடிகினு இருந்த சாட்சி."

"நீங்களுந்தான் மேடம்."

"வாயை மூடிகினு வண்டிய எடுங்க."

ஜீப்பை நேராகக் கோர்ட் பக்கம் விடச் சொன்னாள். அங்கே அவளுக்கு ஒரு வேலை இருந்தது.

---

ஞாயிறு காலை.

சிரிப்பு கிளப் மொத்தமும் பூங்காவில் ஆஜர். 'சத்தம் போடாதீர்' என்ற நகராட்சி போர்டுக்கு நேர் கீழே வட்டமாக நின்றார்கள். யூனிஃபார்மில் அமலா. பக்கத்தில் ஏட்டு.

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை எப்படிச் சிரிச்சீங்களோ அப்படியே இன்னிக்கும் சிரிங்க. அவ்ளோதான்."

"துக்க வீடு மாதிரி இருக்கசொல்ல எப்டிங்க மேடம் சிரிக்கறது?" என்றார் நெடுஞ்செழியன். முகத்தில் ஏகப்பட்ட சோகம்.

"அன்னிக்குப் பொணத்து முன்னாடி கைதட்டலையா சார்? அது மாதிரிதான்."

நெடுஞ்செழியன் விசிலை ஊதினார்.

"சிங்கச் சிரிப்பு! கண்ணை மூடுங்க... ஒன்... டூ... த்ரீ..."

"ஹா... ஹா... ஹாஹாஹாஹா!"

பூங்கா அதிர்ந்தது. கிளிகள் பறந்தன. அமலா வட்டத்தைச் சுற்றி மெதுவாக நடந்தாள். எல்லார் கண்ணும் மூடியிருந்தது.

இரண்டு பேரைத் தவிர!

ஒன்று, நெடுஞ்செழியன். வாய் சிரித்தது. கண் மட்டும் இமைக்காமல் தூங்குமூஞ்சி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று, கண்ணாடிக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குண்டு அம்மாள்.

"போதும்!" என்றாள் அமலா. "உங்க பேரு இன்னாங்கம்மா?"

"ரங்கம்மாள்." திடுக்கிட்டுப் போனாள் அந்த அம்மாள். "சுகர் இருக்குது, டாக்டர் சிரிக்கச் சொன்னாருன்னு வரேன்."

"கண்ணை மூடாம இன்னா பார்த்துகினு இருந்தீங்க?"

"செருப்பைத்தான். போன மாசம் புதுசு ஒண்ணு களவு போயிடுச்சி. அதுலேருந்து நான் ஒரு கண்ணாலதான் சிரிக்கறது."

"வெள்ளிக்கிழமையும் அப்படித்தானா?"

"டெய்லி அப்படித்தான்."

"அன்னிக்கு எல்லாரும் கண்ணை மூடினப்ப, வட்டத்தை விட்டு யாராவது போனாங்களா?"

ரங்கம்மாள் நெளிந்தாள். புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"எப்டிங்க அதைச் சொல்றது? அசிங்கமா இருக்குது..."

"பரவால்ல. சொல்லுங்க."

"மாஸ்டர்தான் போனாரு. அந்தச் செம்பருத்திச் செடி மறைவுக்கு. பெரிய மனுஷன், சுகர் இருக்கும்போல, ஒண்ணுக்குப் போறாருன்னு நெனச்சி நான் மூஞ்சியத் திருப்பிகினேன். திரும்பி வந்து, 'இன்னொரு ரவுண்டு'ன்னு விசில் அடிச்சாரு."

எங்கும் நிசப்தம்!

அந்தப் பூங்காவில் சிரிப்பு கிளப் முதல்முறையாக போர்டுக்கு மரியாதை கொடுத்தது.

நெடுஞ்செழியன் ஓடினார்.

டிராக் சூட் போட்டவர், நன்றாகவே ஓடினார். கேட்டைத் தாண்டியிருப்பார். கேட் ஓரம் வரிசையாய்க் கழற்றி விட்டிருந்த செருப்புகளில் கால் மாட்டிக் குப்புற விழுந்தார். மேலே ஏட்டு பன்னீர்செல்வம் விழுந்தார்.

"என் செருப்பு! என் செருப்பு!" என்று கத்தினாள் ரங்கம்மாள்.

---

"ஏன் சார்?" என்றாள் அமலா. கைவிலங்கோடு கேட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் நெடுஞ்செழியன். முட்டியில் ரத்தம்.

விலங்கு மாட்டிய கையாலேயே அதைத் துடைத்துக்கொண்டார். பேசியபோது மாஸ்டரின் கனிவெல்லாம் காணாமல் போயிருந்தது.

"சந்துக்குள்ள கடை வெச்சிகினு இருக்கறவனோட பேஜாரு உங்களுக்குத் தெரியாது மேடம். சேலை எடுக்க வெளியூர்லேருந்து வர்றவன் எவனும் என் சந்துக்குள்ள நுழையறதில்ல. மெயின் ரோட்டோட போயிடறான். கமலக்கண்ணன் கட்டற காம்ப்ளெக்ஸ்ல, பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி மொதக் கடை எனக்குன்னு, அவன்கூடத் தொழில் பண்ற தம்பிகிட்ட ரகசியமாப் பேசி வெச்சிருந்தேன். அவனுக்கே தெரியாது."

"கமிட்டி?"

"கமிட்டிக்கு நான் தலைவரா இருந்தாத்தானே அது உருப்படாம இருக்கும்?" உதட்டைச் சுழித்தார். "எல்லாம் சரியாப் போய்கினு இருந்துச்சி. அந்தப் பைத்தியக்காரன் வந்து, 'சந்தோஷமான செய்தி தலைவரே, பார்க்கை நான் தொடல, நீங்க ஜெயிச்சிட்டீங்க'ன்னு சொல்லி என்னைக் கட்டிப் புடிக்கறான்! டெய்லி காலையில அந்த மரத்தடியில தூக்கம் வருதாம்! அதுக்காக என் கடை போவணுமா? நல்லாத் தூங்குடான்னு அனுப்பி வெச்சேன்."

"நாக்கு கூசலையா?" என்றார் ஏட்டு.

நெடுஞ்செழியன் சிரித்தார். இந்தத் தடவை நிஜமான சிரிப்பு.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. அவன் மனசு மாறினது அவன் தம்பிக்குத் தெரியாது. ஆர்டர் இன்னும் உயிரோடதான் இருக்குது. நாளைக்குத் தம்பி ஜேசிபியக் கொண்டாந்து நிறுத்துவான். கடை என் சம்சாரம் பேர்ல! நான் உள்ள போனா இன்னா? காம்ப்ளெக்ஸ் வெளிய வந்துடும்!"

ஏட்டின் முகம் தொங்கியது. அமலா தூங்குமூஞ்சி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் கசிந்திருந்தது. கீழே, சுண்ணாம்பால் வரைந்த கோட்டுக்குள் காலியான பெஞ்ச்.

"வராது சார்," என்றாள் அமைதியாக.

"ஏன் வராது?"

"கொலை செஞ்ச ஆயுதம் எது சார்?"

"கிளை."

"கிளை எதுல இருந்துச்சி?"

"மர..."

நெடுஞ்செழியனின் வாய் அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமையே மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து ஆர்டர் வாங்கிட்டேன். நீங்க ஒளிஞ்ச செடி, நடந்த புல்லு, இழுத்த மரம்... மொத்தப் பூங்காவும் கேஸ்ல சாட்சியம். கேஸ் முடியற வரைக்கும் எவனும் இங்க ஒரு புல்லைக்கூடப் புடுங்க முடியாது. கீழ்க் கோர்ட்டு, அப்பீலு, அதுக்கு மேல அப்பீலு... எப்டியும் எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துடும்."

நெடுஞ்செழியன் கேட்டார்.

"எ... எனக்கு ஜாமீன் கெடைக்குமா மேடம்?"

"உங்களுக்கு என்னிக்காவது கெடைக்கும் சார்," என்றாள் அமலா, தொப்பியை மாட்டிக்கொண்டே. "மரத்துக்குத்தான் சான்ஸே இல்ல!"